‘வாறன்’ என்பதற்கு முன் நின்ற சீர்

1

ஐப்பசி பிறந்தும் மழை முறையாக இறங்கவில்லை. காலையில் கடல்மேல் கருக்கும் வானம் நண்பகலில் வாவிமேல் வந்து நிற்கும். ஒன்றும் செய்யாமல் மாலையில் மேற்கே கலைந்து போகும். வாடைக்கு முன்வரும் அந்தச் சில நாள்களில் மட்டக்களப்பு தன் நிறங்களை எல்லாம் மடித்து வைத்துவிடுகிறது. தோணிகள் நீரில் கிடக்கின்றனவா வானில் கிடக்கின்றனவா என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. வயல் வட்டைகளில் விதைத்தவர்கள் அண்ணாந்தபடியே நடப்பார்கள். கோயில் மணியின் ஓசை ஈரத்தில் ஊறி, அடித்த கைக்கு வெகு பின்னால் வந்து சேரும். உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஊர் முழுவதும் கண்மூடி அமர்ந்திருப்பதுபோல் இருக்கும்.

அத்தகைய ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், 2009ஆம் ஆண்டில், படத்தட்டுகளை வாடகைக்கு விடும் லெஸ்டரின் கடையில் இந்தக் கதை என்னிடம் வந்தது. நான் அதைக் கேட்டு வாங்கவில்லை. நான் போனது ஒரு பேய்ப்படம் எடுத்துவர.

(என் குறையை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பதிகம் பாடச் சொல்லித் தருகிறேன். வெள்ளிதோறும் பேய்ப்படம் பார்க்கிறேன். இம்மூன்றும் ஒரே நெஞ்சில் சண்டையின்றிக் குடியிருக்கின்றன.)

“கடல் அன்று—” என்று தொடங்கிய மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். முதல் வாக்கியத்தில் கடலை வைத்தால் மற்ற வாக்கியங்கள் எவையும் மிஞ்சுவதில்லை.

2

கடையில் நால்வர் இருந்தோம். கடைக்காரன் லெஸ்டர், போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியன், நாற்பதை நெருங்குபவன். பக்கத்துத் தையற்கடை முனாப். என்னோடு கற்பிக்கும் யசோதினி. உன்னிச்சைக்காரி, கணக்கு ஆசிரியை. நான்காவது நான். உண்மையாகவே அச்சந்தரும் படம் எது என்பது வழக்கு.

“தாய்லாந்துத் தோணிக்காரன்ட படத்த விட ஒண்டும் இல்ல,” என்றார் முனாப். “ஒவ்வொருத்தரா ஏத்துவான். தண்ணியில பாத்தா தோணிட நிழல் மட்டும் விழும், ஆக்கள்ட விழாது. அதப் பாத்த பிறகு கல்லடிப் பாலத்தால வரக்குள்ள தண்ணிப் பக்கம் கிறுகிப் பாக்கவே இல்ல நான்.”

“நீங்க தையல் மெசின்ல ஊசி உடைஞ்சாலே பயப்படுற ஆள்,” என்றாள் யசோதினி. “அந்தச் சாப்பாட்டு மேசைப் படத்தப் பாருங்க. வீட்டில நாலு பேர். ஒவ்வொரு நாளும் அஞ்சாவதா ஒரு பீங்கான் எச்சிலாகிக் கிடக்கும். ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க. கழுவிக் கவிட்டு வைப்பாங்க. கடைசி வரைக்கும் பேய் வராது.”

“வராத பேய்க்கு நீ என்னத்துக்குக் கா பயந்த?” என்றார் முனாப்.

“கழுவுறாங்களே, அதுக்குத்தான்.”

நான் என் பங்குக்கு இலக்கணத்தைக் கொண்டுவந்தேன். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று பழையோர் வகுத்தனர்: பேயும் தெய்வமும் ஒன்று, விலங்கு ஒன்று, திருடர் ஒன்று, அரசன் ஒன்று. எந்தப் படமும் இந்நான்கில் அடங்கும் என்றேன். முனாபின் தோணிக்காரன் முதல் வகை.

யசோதினி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்: “அப்ப வெள்ளை வேன் எந்தப் பகுதி, டீச்சர்? திருடனா, அரசனா?”

முனாப் வீதியை எட்டிப் பார்த்தார். “மெதுவாக் கதை கா.”

பிறகுதான் சிரித்தோம்.*

* வெள்ளை வேன்: ஆள்களைக் கடத்திப் போக வரும் வண்டி; யார் அனுப்பியது என்று எவரும் உரக்கச் சொல்வதில்லை. போர் முடிந்து அப்போது ஐந்து மாதம். சொல்லிவிட்டு வீதியைப் பார்க்கும் வழக்கம் முடிந்திருக்கவில்லை.

லெஸ்டர் மட்டும் தட்டுகளைத் துடைத்தபடி இருந்தான். “நீங்க எல்லாரும் பேய் வந்திரும் எண்டு பயப்படுறீங்க. எங்கட வீட்டுக்கு ஒண்டு வந்தா, மம்மி கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி ஊத்திக் குடுப்பா.”

அவன் மேசையின் கீழிருந்து ஒரு சிறு கமராவை எடுத்துத் தொலைக்காட்சியோடு பொருத்தினான். “இதையும் பாத்துப் போட்டுச் சொல்லுங்க,” என்றான்.

3

நாற்பது விநாடி ஓடும் படம். மூலையில் தேதி: 2004 டிசம்பர் 26, காலை எட்டுப் பத்து. கடற்கரையோர டச்பாரில் லெஸ்டரின் வீட்டு முற்றம். நீலப் படலைக் கதவு. நத்தார் நட்சத்திரக் கூடு ஒன்று பகலிலும் ஆடிக்கொண்டிருக்கிறது. மணலில் நாய் உறங்குகிறது. காட்சிக்கு வெளியே லெஸ்டரின் குரல்: “பியோனா. நேரமாகுது.” மோட்டார் சைக்கிளை உதைக்கும் ஓசை. அந்த இரைச்சலுக்கு அடியில், வீட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒரு சொல், அதைத் தொடர்ந்து தெளிவாக, சிறிது பாடுவதுபோல், “வாறன்.” பிறகு, கழுத்தில் தொங்கும் கமராவோடு அவன் கிளம்ப, படலை விலகுகிறது, வீதி வருகிறது, வாவி வருகிறது, ஒளி நீரில் பட்டுக் கண்ணாடியை நிறைக்கிறது. முடிந்தது.

“கழட்டி எடு மச்சான் அத,” என்றார் முனாப்.

(இவ்விடத்தில் வெளியூர் வாசகருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கதைக்குள் வைத்தால் சொல்ல வராது, ஆகையால் அடைப்புக்குறிக்குள். எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர் ‘போறன்’ என்று சொல்வதில்லை. அது ஆகாது. ‘அப்ப வாறன்’ என்று சொல்லியே போவார். கூப்பிட்ட குரலுக்கு உள்ளிருந்து வெளியே வருகிறவரும் ‘இந்தா வாறன்’ என்பார். போகிறவருக்கும் வருகிறவருக்கும் எங்களிடம் ஒரே சொல்.)

பியோனா லெஸ்டரின் தங்கை. யசோதினியின் தோழி. அன்றைய ஞாயிறு அவளுக்கு இரண்டு எண்ணம் இருந்தது: தமையனோடு பூசைக்குப் போவது, அல்லது பின்வாசலால் போய் பஸ் பிடித்து, கடலுக்கு வெகு மேற்கே உட்பக்கத்தில் உள்ள உன்னிச்சைக்கு, யசோதினி வீட்டுக்குப் போவது. தாய் டோறா விடியவே பூசைக்குப் போயிருந்தாள். லெஸ்டர் புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில் கடல் வந்தது. பியோனாவின் உடல் கிடைக்கவில்லை.

‘வாறன்’ என்பதற்கு முன் நின்ற அந்தச் சீர் ‘அப்ப’ என்றால், அவள் விடைபெற்று உட்பக்கம் போய்விட்டாள்; கடலுக்கு அகப்படவில்லை. அப்போது அந்தப் பகுதி போராளி இயக்கத்தின் ஆட்சியில் இருந்தது. போன எத்தனையோ பேர் அங்கே தடுக்கப்பட்டார்கள், பிறகு முகாம்களில் இருந்தார்கள். போர் முடிந்துவிட்டது, முகாம்கள் திறக்கின்றன, அவள் வருவாள். இது தாயின் கட்சி.

‘இந்தா’ என்றால், அவள் தமையனுக்குப் பின்னால் வரப் புறப்பட்டாள். அவன் நிற்கவில்லை. இது லெஸ்டரின் கட்சி.

“அந்த நேரம் எனக்கு ‘அப்ப’ எண்டுதான் கேட்டது,” என்றான் அவன். “அதாலதான் நிக்காமப் போன நான். மறுகா போட்டுப் போட்டுக் கேக்கக்குள்ள ‘இந்தா’ எண்டு கேக்குது.”

“நான் கணவாய்க் கறி ஆக்கி வச்சுக்கொண்டு இருந்த நான்,” என்றாள் யசோதினி. “அவள் வரல்ல. பகல் பன்னிரண்டுக்குத்தான் கடல்ட கதை எங்கட ஊருக்கு வந்த.”

நவம்பர் இரண்டாம் தேதி மரித்தோர் நினைவுநாள். அன்று தேவாலயத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். நான்கு ஆண்டாகத் தாய் மகளுடைய பெயரைக் கொடுக்க விடவில்லை. இந்த ஆண்டு கொடுத்தே ஆக வேண்டும் என்கிறான் மகன். பெயர் எழுதிய தாள் தேவாலயத்துக்குப் போய்ச்சேர வேண்டிய கடைசி நாள் அடுத்த வெள்ளி.

இதுதான் கதை. அச்சத்தைப் பற்றிய என் நான்கு வகையையும் அன்று வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

4

லெஸ்டர் எனக்குச் சிக்கலான பாத்திரம். தங்கை இறந்தாள் என்று நிறுவினால் தானே குற்றவாளி ஆகிறான். அதை விரும்பி நிறுவுகிறவனை எந்த வாசகர் நம்புவார்? இரண்டு வரைவில் அவனுக்கு வேறு காரணம் கட்டினேன்: வீட்டை விற்க, வெளிநாடு போக. இரண்டும் சிறுமையாக இருந்தன. அவன் சொன்னதையே எழுதுகிறேன்: “என்ட பிழை எண்டே இருக்கட்டும், டீச்சர். அதோட அவளுக்கு ஒரு பூசையாவது கிடைக்கும்.”

செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் தாயும் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள். டோறா அன்டி வெள்ளைக் கவுனும் குடையுமாக, நனையாத நாளிலும் கால்களைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

“நீங்க பழைய பாட்டெல்லாம் பிரிச்சுப் பொருள் சொல்ற ஆள். இந்தச் சொல்லுக்கு முன்னுக்கு என்ன கிடக்கு எண்டு சொல்லுங்க. நீங்க சொல்றத ரெண்டு பேரும் எடுப்பம் எண்டு பேசித்தான் வந்திருக்கம்.”

“மம்மி, அவ பிழை திருத்துற டீச்சர். சாத்திரம் பாக்கிற ஆள் இல்ல.”

“நீ சும்மா இரு மகன். நீதான் படத்தையும் எடுத்த, அந்த நேரம் பாத்து அந்தச் சைக்கிளையும் உதைச்ச.”

அவன் ஜன்னல் பக்கம் போனான்.

“நான் பிழையாச் சொல்லிருவன், அன்டி,” என்றேன்.

“பிழைச்சாக் காரியமில்ல. ஒண்டாச் சொல்லுங்க. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு சொல்லோட அஞ்சு வருசம் இருந்திட்டம்.”

அவர்கள் கொண்டுவந்த கமராவில் பதினொரு முறை கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டும் கேட்டேன். ஓலையில் செல்லரித்துப்போன இடத்தில் நின்ற சொல் எது என்பதை ஓசையின் அளவு காட்டிக்கொடுக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறவள் நான். அதே வழியில் இங்கும் அளந்தேன். ‘அப்ப’: அப், ப, நேர், நேர், தேமா. ‘இந்தா’: இந், தா, நேர், நேர், தேமா. நான் வாழ்நாளெல்லாம் நம்பிய யாப்பு இரண்டையும் ஒரே வாய்பாட்டில் கட்டி என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டது. ஆறாம் முறைக்குமேல் அந்தக் குரல் எனக்குப் பழகிய பண் ஒன்றைப்போல் ஆனது. கேட்கும்போது முற்றமும் நாயும் ஒளியும் என் அறைக்குள் மிதந்தன. வருகிறாளா போகிறாளா என்பதை மறந்து, குரல் இருக்கிறது என்பதில் மட்டும் சிறிது நேரம் நான் மயங்கி இருந்தேன்.

டோறா அன்டி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ட பிழைதான்,” என்றாள். “சின்னதில ஒருநாள் பள்ளிக்கூடம் போகக்குள்ள, ‘மம்மி போறன்’ எண்டு சொன்னாள். வாயில அடிச்ச நான். ‘வாறன்’ எண்டு சொல்லு, ‘போறன்’ எண்டு சொல்லப்படாது எண்டு. அதுக்குப் பிறகு ஒருநாளும் சொன்னதில்ல. அண்டைக்கு அடிக்காம விட்டிருந்தா, இண்டைக்கு எனக்கு விளங்கியிருக்கும்.”

5

இந்த இடத்துக்குப் பிறகு மூன்று வரைவுகள் என் மேசையில் உள்ளன.

முதல் வரைவில் நான் ‘அப்ப’ என்கிறேன். டோறா அன்டி எழுந்து என் கைகளைப் பிடிக்கிறாள். வீட்டுக்குப் போய் மகளின் உடுப்புகளை வெயிலில் போடுகிறாள். ஒவ்வொரு பஸ்ஸையும் பார்க்கிறாள். இரண்டு பக்கம் எழுதினேன். அவளுடைய மகிழ்ச்சி, லெஸ்டரின் கடையில் நான் எடுத்துப் பார்த்த எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்தியது, நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் வரைவில் ‘இந்தா’ என்கிறேன். தாய் தலையசைக்கிறாள். மகன் வெளியே போய் மோட்டார் சைக்கிளின் அருகே நிற்கிறான், அதை இயக்கவில்லை, தள்ளிக்கொண்டே வீதிவரை—

மூன்றாம் வரைவு ஒரே வரி: “பின்வாசலில் ஒரு பெண் பையைத் தோளில் மாட்டியபடி—” இதை எழுத எனக்கு உரிமை இல்லை. அவளை நான் எந்தப் பக்கம் நடக்கவைத்தாலும் ஒருவருடைய மகளை என் வசதிக்கு நடத்துகிறவள் ஆவேன்.

நடந்தது இவ்வளவே. “வாறன் மட்டுந்தான் கேக்குது, அன்டி. முன்னுக்கு உள்ளது எனக்குக் கேக்கல்ல,” என்றேன்.

“கேக்கல்லயா, சொல்ல மாட்டீங்களா?”

“கேக்கல்ல.”

(அது மெய்யா என்று நீங்கள் கேட்பீர்கள். இந்த அடைப்புக்குறியை நிரப்பத்தான் பல நாளாக முயல்கிறேன்.)

6

வெள்ளிக்கிழமை கடையில் அந்தத் தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. இறந்தவர் பெயர், இறந்த நாள், கொடுப்பவர் கையொப்பம் என்று மூன்று கட்டம். டோறா அன்டி தன் கணவர் பேர்டியின் பெயரை மேலே எழுதி முடித்தாள். அடுத்த வரி காலியாக இருந்தது.

“நான் எழுதட்டா, மம்மி?”

“நீ எழுத வேணாம்.” பேனையை அவள் விடவில்லை. “நீ நிக்காமப் போனதுக்கு நான் உன்ன ஒருநாளும் ஏசல்ல, மகன். செவ்வாய்க்கிழமை ஏசிட்டன். அது கணக்கில்ல.”

லெஸ்டர் தலைகுனிந்து நின்றான். யசோதினி அவன் முதுகில் கைவைத்தாள். பேனை தாளில் இறங்கியது. சிறிது நேரம் ஓடியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எழுதியது ஒரு பெயரா, வரியை மூடிய ஒரு கோடா என்று எனக்குத் தெரியாது. பிறகு கேட்கவும் இல்லை. வாசகரே, நீங்கள் குனிந்து பார்க்கலாம். நீங்கள் பார்ப்பதுதான் அங்கே இருக்கும்.

அங்கிருந்து நேரே அமிர்தகழிக்குப் போனேன். மாமாங்கேசுவரர் சந்நிதியில் மாலைப் பூசைக்குக் கூட்டம் இல்லை. அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

“பேர்?” என்றார் ஐயர்.

“பியோனா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நட்சத்திரம்?”

“தெரியா, ஐயா.”

“சுகத்துக்கா, ஆத்மசாந்திக்கா?”

“பேரை மட்டும் சொல்லுங்க.”

அவர் மேலும் வினவவில்லை. உள்ளே போய், மந்திரங்களுக்கு நடுவே, எழுத்து எழுத்தாக அந்தப் பெயரைச் சொன்னார். தீபம் மேலெழுந்தது. நான் கைகூப்பி, பாட வந்த பதிகத்தைப் பாடாமல் நின்றேன்.

வாறன் என்று சொன்னவர் எல்லாம் வந்து சேர்க. வர இயலாதவர் எந்த நீரில் எந்த நிலத்தில் இருப்பினும் அந்நீர் குளிர்க. அந்நிலம் மென்மை கொள்க. நிற்காமல் போனவர் நெஞ்சு ஆறுக. காத்திருப்பவர் கண்ணில் நல்லுறக்கம் இறங்குக. இதை வாசித்த நீங்கள் உங்கள் வீட்டாரோடு நெடிது வாழ்க.