மெருகேற்றிய துப்பாக்கியின் விலை

1

செவ்வாய்க்கிழமை என் கடையில் ஒரு பொய் சொன்னேன். அதைச் சரிக்கட்ட வழி தெரியாமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கதை என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'மொன்டானாவில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு...' (வேண்டாம். இங்கே பாதி வருஷம் பனிதான்.)

இரண்டாவது தொடக்கம்: 'துப்பாக்கிக்கு விலை வைப்பது பயம்.' தேர்தல் வந்தால், துப்பாக்கி விற்கத் தடை வரப்போகிறது என்று ஊரே கடையை மொய்க்கும். புது ரைஃபிள்களின் விலை எகிறும். தடை வராது. வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க வருவார்கள், விலை தொப்பென்று விழும். பழைய வேட்டை ரைஃபிள் அப்படியில்லை. அதை இனி யாரும் செய்யப்போவதில்லை, கேட்பவர்களும் குறையவில்லை. ஆனால் சேகரிப்பவர்களுக்கு அது கீறலோடு, கறையோடு, செய்த இடத்தில் அடித்த பூச்சோடு அப்படியே இருக்க வேண்டும். (கட்டுரை மாதிரி இருக்கிறதா? பொறுங்கள், ஆட்கள் வருகிறார்கள்.)

3

வெர்னா டோலஃப்சனுக்கு நாற்பது மைல் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. அவருடைய வண்டியின் எஞ்சின் செத்துவிட்டது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கார் இந்த மாதக் கடைசி வரைதான். புது எஞ்சின் போட விற்பதற்கென்று இருப்பது அவர் அப்பாவின் பழைய மான்வேட்டை ரைஃபிள் ஒன்றே. சென்ற அக்டோபரில் அதைப் பார்த்து, இரண்டாயிரத்து நானூறு டாலர் போகும் என்று சொன்னவன் நான்.

செவ்வாயன்று கணவர் ஆரினோடு வந்தார். ஆரின் உறையைத் திறந்தார். ரைஃபிள் பளபளத்தது. நல்ல விலை போகட்டும் என்று மூன்று வாரம் கொட்டகையில் உட்கார்ந்து, மரக்கட்டையை உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்து, குழலுக்கும் புதுப் பூச்சு போட்டிருக்கிறார். வெர்னாவுக்கே அன்று காலையில்தான் காட்டினாராம்.

"எப்படி? புதுசு மாதிரி இல்ல?" என்றார்.

பழைய பூச்சோடு விலையும் போயிருந்தது. எண்ணூறுக்கு மேல் தேறாது என்றேன். வெர்னா ஏன் என்று கேட்டார். ஆரினின் முகத்தைப் பார்த்தேன்.

"மார்க்கெட் விழுந்துடுச்சு, வெர்னா."

4

[ராய்ஸ் என்றொரு கடைக்காரனை எழுதிப் பார்த்தேன். அவன் உண்மையைப் பட்டென்று சொல்லிவிட்டான். என்னைவிட நல்லவனாக இருந்தான், எழுதியதை அடித்துவிட்டேன். இன்னொரு வடிவத்தில் ராய்ஸ் தன் கைக்காசைப் போட்டுப் பழைய விலையையே கொடுக்கிறான். அதை நானே நம்பவில்லை. என் கைக்காசு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.]

ஆரின் மீதும் சந்தேகம் வந்தது. நாற்பது வருஷம் வேட்டைக்குப் போனவருக்கு இது தெரியாதா? தெரியாது. அவர் இதுவரை ஒரு துப்பாக்கியையும் விற்றதில்லை.

5

மிச்சம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வெர்னாவுக்குக் கோபமில்லை.

"விழுந்தது ஏறும்ல? போன தேர்தலப்பவும் அப்படித்தானே ஆச்சு. வச்சிருந்து பாக்குறோம்" என்றார்.

"அதுக்குள்ள நான் இன்னொரு கோட் அடிச்சுடறேன்" என்றார் ஆரின்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது. மாதம் முடிய ஒன்பது நாள். காத்திருந்தால் வெர்னாவின் வேலை போய்விடும். அந்த விலை இனி ஏறாது.

சனிக்கிழமை வந்து விசாரிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் எழுதிய முடிவுகளில் எல்லாம் ஆரின் வெளியே நிற்கிறார், வெர்னா தனியாக உள்ளே வருகிறார். என் வசதிக்கு எழுதிக்கொண்டது அது. அவர்கள் எங்கேயும் சேர்ந்துதான் போவார்கள்.

பத்து மணிக்குக் கடை திறக்கும். கவுன்டருக்குப் பின்னால் நீங்கள் நில்லுங்கள். ஆரின் உறையைத் திறப்பார். வெர்னா உங்களைப் பார்த்துக் கேட்பார்:

"ஏறிச்சா?"