கிழக்கு கேலரிக்குக் கீழே

ஸ்டூல் மேல் ஏறி நின்று, கிழக்கு கேலரியைத் தாங்கும் பீமின் அடியில் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினேன். விரல் நீளம், தாள் கனம். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டுப் பசை, அந்தப் பக்கம் ஒரு சொட்டு, ஓரத்தில் மார்க்கரால் தேதி. அவ்வளவுதான் வேலை. விரிசல் சும்மா கிடந்தால் கண்ணாடியும் சும்மா கிடக்கும். மயிரிழை அளவு விரிந்தாலும் உடைந்துவிடும். கட்டட வேலையில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த பழைய வழி இது. இன்ஜினியர் பேச்சை மாற்றலாம், கான்ட்ராக்டர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம், கண்ணாடிக்கு யாரையும் தாஜா பண்ணத் தெரியாது. அன்று திங்கட்கிழமை. சனிக்கிழமை எங்கள் டீமின் ஃபுட்பால் மேட்ச், எங்கள் சொந்த மைதானத்தில் முதல் மேட்ச்.

சொந்த மைதானம் என்று சொல்லும்போதே வாய் இனிக்கும். ஒன்பது வருடம் அது எங்களுக்கு இல்லை. பழைய மைதானத்தைக் கடைகள் கட்ட விற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு அடுத்த ஊர்க்காரன் மைதானத்தில் வாடகைக்கு ஆடினோம். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், அவன் காவலாளியிடம் திட்டு வாங்கி, எங்கள் டீமுக்கே விருந்தாளிகள் போல ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவோம். கிளப் முதலாளி கையை விரித்தார். நகரசபை, பாதி கட்டிக் காட்டுங்கள், மீதியை நாங்கள் தருகிறோம் என்றது. அப்போதுதான் என் மச்சான் கிளம்பினான். மனைவியின் தம்பி, ரசிகர் சங்கத்துக்குச் செயலாளர். தன் கல்யாணத்துக்கே டீம் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் என்பதால் எல்லோருக்கும் அவன் 'கொடி'. கட்டாத கேலரியின் நாற்காலிகளை வீடு வீடாகப் போய் விற்றான். வாங்கியவர் பெயர் நாற்காலியின் முதுகில். அதுவும் போதாமல் போனபோது, கூலியை மிச்சம் பிடிக்க நாங்களே மண்வெட்டியோடு இறங்கினோம்.

இன்றைக்கு யோசித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அடுத்தவன் காசில் கட்டியிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்போம். சிமெண்டில் எவ்வளவு அடித்தான், கம்பியில் எவ்வளவு அடித்தான் என்று டீக்கடையில் கிழித்துத் தொங்கவிட்டிருப்போம். எங்கள் காசு, எங்கள் கை என்றதும் கேள்வி கேட்பதே துரோகம் மாதிரி ஆகிவிட்டது. கேட்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். நானும் கேட்கவில்லை.

கான்கிரீட் உடைப்பதுதான் என் தொழில். பரிசோதனைக் கூடத்தில் இருபத்தோரு வருடம். கான்கிரீட் போடும்போது அதில் கொஞ்சம் எடுத்துச் சதுர அச்சில் அடைத்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். கியூப் என்போம். அது தாங்கும் பாரத்தை வைத்துத்தான் கட்டடத்தின் பலத்தைச் சொல்கிறோம். கேலரிக்குக் கான்கிரீட் போட்ட ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு லாரி வந்தது. இரண்டு லாரிக்கு ஒரு கியூப் எடுக்க வேண்டும். நான் ஆறையும் முதல் லாரியிலேயே எடுத்து, வெவ்வேறு லாரி நம்பரை எழுதி ஓரமாக வைத்துவிட்டேன். காசு வாங்கிக்கொண்டு செய்தேன் என்றால்கூட ஒரு காரணம் இருக்கும். மேலே இருநூறு பேர் பாட்டுப் பாடிக்கொண்டு மண்வெட்டி போடும்போது, நான் மட்டும் கீழே அச்சுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவர்களோடு சேர்ந்துகொள்ளும் அந்த ஆசைதான் என் குற்றம்.

கடைசி இரண்டு லாரிகள் வழியில் நெரிசலில் மாட்டி, இறுகிப்போய் வந்தன. மண்வெட்டி இறங்கவில்லை. மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். "அத்தான், கொஞ்சம் தண்ணி விடுங்க. கை கழண்டு விழுந்துடும் போல இருக்கு" என்றான் கொடி. ஹோஸ் என் கையில் இருந்தது. தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் பலம் போய்விடும், வேறு எவனாவது அதைச் செய்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். நான் விட்டேன். கான்கிரீட் கூழாக ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள். இருபத்தெட்டு நாள் கழித்து என் கியூப்கள் ஆறும் ஜாம்ஜாமென்று பாஸாயின. அந்த ரிப்போர்ட்டில் என் கையெழுத்தைப் பார்த்துத்தான் நகரசபை தன் பங்கைக் கொடுத்தது.

விரிசல் தெரிந்தது, கண்ணாடி ஒட்டியதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டீமுக்குப் பன்னிரண்டாவது ஆள் ரசிகன்தான் என்பதால், மேட்சின் பன்னிரண்டாவது நிமிடம் முழுக்க கேலரியே ஒரே தாளத்தில் குதிக்கும். பழைய மைதானத்தில் கேலரி வெறும் மண்மேடு, எவ்வளவு குதித்தாலும் தூசிதான் கிளம்பும். ஒத்திகைக்கு என்று முன்னூறு பேரைப் புதுக் கேலரியில் குதிக்க வைத்தான் கொடி. கீழே தண்ணீர்க் குழாயைத் தேடிப் போன நான் அண்ணாந்து பார்த்தேன், பீமில் விரிசல். கடைசி இரண்டு லாரி போட்ட அதே முனை. அதற்கு நேர் மேலேதான் எங்கள் வீட்டு மூன்று நாற்காலிகள்.

கொடியிடம் காட்டினேன். கழுத்தை ஒடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"புது வீட்ல விரிசல் வர்றதில்லையா அத்தான்? எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்க பாஸ்னு கையெழுத்து போட்டீங்கள்ல, அந்த தைரியத்துலதான் நாலாயிரம் பேரை உக்கார வைக்கிறேன்."

அவன் குத்திச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னான். மறுநாள் நான் கண்ணாடித் துண்டோடு வந்தேன்.

வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்தேன். செவ்வாய், புதன், வியாழன், கண்ணாடி உடையவில்லை. வெறும் கேலரி, அதில் காற்றைத் தவிர யாரும் உட்காரவில்லை. அது தெரிந்தும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நிம்மதியோடுதான் திரும்பினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் கண்ணாடி முன் நின்று கன்னத்தில் டீம் நிறத்தைப் பூசி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வீட்ல இருந்து டிவில பாருங்களேன். கூட்டம் தாங்காது" என்றேன்.

மனைவி கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். "ஒன்பது வருஷமா இதே புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்கே பைத்தியம் பிடிச்சிடுச்சு. இப்ப வராதேன்னா? என்ன விஷயம், ஒழுங்கா சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல."

"அப்ப வர்றோம்."

சனிக்கிழமை மூன்றரை மணிக்குக் கேலரி நிரம்பிவிட்டது. கீழே போய்ப் பார்த்தேன். அத்தனை பேர் உட்கார்ந்தும் கண்ணாடி முழுசாக இருந்தது. ஆனால் உட்காருவது வேறு, குதிப்பது வேறு. கொடியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, தூணுக்குப் பின்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு கியூபும் ஒரே லாரி. ஹோஸ். கையெழுத்து. அவன் கையிலிருந்த மெகாபோன் கீழே இறங்கியது. அவன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"இப்ப சொல்றீங்களே அத்தான்."

"காலி பண்ணச் சொல்லு."

"நாலாயிரம் பேர், ரெண்டே வாசல். விஷயம் தெரிஞ்சா ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சே செத்துடுவாங்க." மெகாபோனை மறுபடி தூக்கிப் பிடித்தான். "குதிக்க வேண்டாம்னு சொல்லிடறேன். இன்னைக்கு ஒரு நாள் உக்காந்தே கைதட்டட்டும். நாளைக்கே பூட்டிடலாம். சரியா?"

சரியில்லை என்று எனக்குத் தெரியும். வாசலைத் திறந்து, வரிசை வரிசையாக, மெதுவாக இறக்கியிருக்கலாம். ஆனால் நாளைக்கு என்ற சொல் அவ்வளவு சுகமாக இருந்தது. தலையாட்டினேன்.

மேட்ச் தொடங்கியபோது நான் என் நாற்காலியில் இல்லை. மனைவியை மூன்று முறை போனில் கூப்பிட்டேன், சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. கீழேயே நின்றேன். இரண்டு தூணுக்கு நடுவே பச்சையாக ஒரு துண்டு மைதானம் தெரிந்தது, அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மேட்ச். பதினோராவது நிமிடம் மெகாபோன் கரகரத்தது. கொடியின் குரல், வார்த்தை புரியவில்லை. கூட்டம் முனகியது, ஊளையிட்டது, பிறகு அடங்கியது. பன்னிரண்டாவது நிமிடம் கைதட்டல் மட்டும் கேட்டது. ஒரு கால்கூடத் தரையை விட்டு எழவில்லை. கண்ணாடி அப்படியே இருந்தது. தூணில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அப்புறம்தான் அது எனக்கு உறைத்தது. குதிக்காதே என்று பன்னிரண்டாவது நிமிடத்துக்குச் சொல்லலாம், கோல் விழுந்தால் யார் சொல்வது?

பந்து எங்கள் ஏழாம் நம்பரிடம் போனதைப் பார்க்காமலே தெரிந்துகொண்டேன். அவன் காலுக்குப் பந்து போனால் கூட்டத்தின் மூச்சு மாறும். அந்தப் பச்சைத் துண்டின் குறுக்கே அவன் ஓடி மறைந்தான், அவனுக்குப் பின்னால் ஒரே ஒரு எதிரணிக்காரன், அவனும் தடுமாறிக்கொண்டு. முப்பது வருடமாக எந்த மைதானத்திலும் வேண்டிக்கொள்ளாத ஒன்றை வேண்டிக்கொண்டேன். வெளியே அடிடா, தம்பி. உனக்குப் புண்ணியமாகப் போகும், வெளியே அடிடா.

புது நாற்காலிகள் ஸ்பிரிங் வைத்தவை. ஆள் எழுந்ததும் தானாகப் பின்னால் மடங்கி 'டப்' என்று அடிக்கும். நான்தான் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்து சோதித்தேன். எங்கள் மூன்று நாற்காலிகள் இருந்த பக்கம் ஒரு 'டப்' கேட்டது. அடுத்து இரண்டு. பிறகு வரிசை முழுக்க, கேலரி முழுக்க. ஸ்டூலில் ஏறி, கண்ணாடிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டேன். அதன் ஓரத்தில் என் கையெழுத்தில் திங்கட்கிழமைத் தேதி இருந்தது. அதன் மேல் மெல்ல, மாவு போல, சிமெண்டுத் தூசி விழத் தொடங்கியது.