பதினோரு நாக்குப் பூட்டு

பூட்டுக்காரியிடம் யாராவது பெரிய தொகை பேசினால், அவள் திறந்துகொண்டிருக்கும் பூட்டுக்குள், கதவைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு நாக்கு புதிதாக ஒன்று முளைத்துவிடும். கடினமான பூட்டுகளுக்குத்தான் இந்தக் குணம். பெட்டிப் பூட்டு, சைக்கிள் பூட்டு என்றால் நேர்மாறு; ஐந்து ரூபாய் கூட்டித் தருவதாகச் சொன்னால், அவள் கம்பியை எடுப்பதற்குள் தானாக வாயைப் பிளக்கும். தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் புருஷன்தான், "பெரிய வேலைக்குப் பெரிய காசு கேக்க முடியலையே" என்று பதினாறு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தான்.

நகைக்கடையின் இரும்பறைக் கதவு சாத்திக்கொண்டபோது கணக்கர் உள்ளே இருந்தார். சாவியும் அவர் சட்டைப்பையில்; உள்பக்கம் சாவித்துளை கிடையாது. உள்ளே காற்று இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். ஆள் அனுப்பிப் பூட்டுக்காரியைக் கூட்டிவந்தார்கள். பூட்டுக்கு மூன்று நாக்குகள். "ஐம்பதாயிரம் தர்றேம்மா!" என்றார் முதலாளி. கடக். "லட்சம்!" கடக். பயத்தில் மனிதருக்கு வாய் நிற்கவில்லை.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பேசாம இருங்க!"

அவர் பேச்சை நிறுத்தியும் கடக் நிற்கவில்லை. அவள் மனசுக்குள் இரண்டு அறை வீடு ஒன்று எழும்பிவிட்டது. உட்கார்ந்தாள், எழுந்தாள், கையை முந்தானையில் துடைத்தாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு ஜன்னலுக்குத் திரைச்சீலை பார்த்தது. பதினோராவது நாக்கும் முளைத்தது. ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

உள்ளிருந்து கணக்கர் தட்டினார். "அக்கா, பயமா இருக்கு. ஏதாச்சும் பேசுங்க."

"பூட்டுக்கு உள்பக்கம் என்ன தெரியுது, சொல்லுங்க."

"பித்தளைச் சக்கரம். பல்லெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு."

"எல்லாமேவா?"

அப்படியொரு சக்கரத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை. எந்த மகராசன் செய்தது? கதவில் காதை வைத்தாள். எத்தனை பல், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அவள் கேட்கக் கேட்க, அவர் எண்ணிச் சொன்னார். வீடு, ஜன்னல், திரைச்சீலை எல்லாம் எங்கே போயின என்று அவளுக்கே தெரியாது. உள்ளே இரும்பு ஒவ்வொன்றாக உதிரும் சத்தம் கேட்டது, எட்டு முறை. மீதி மூன்றையும் அவள் கம்பி தள்ள, கதவு திறந்தது. வேர்வையில் தொப்பலாக நின்ற கணக்கர் வெளியே ஓடவில்லை. "அக்கா, வந்து இதைப் பாருங்க" என்று அவளை உள்ளே கூப்பிட்டார்.

முதலாளி வழக்கமான கூலியைத்தான் கொடுத்தார். அவளும் சக்கரத்தைப் பார்த்த கண்ணோடு வாங்கிக்கொண்டாள். புருஷன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உதிர்ந்த எட்டு நாக்குகளையும் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போனார். துருவே இல்லை என்பதால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்தார்.