புலிக்குக் கண் திறந்த நாள்

எங்கள் தோட்டத்துக் காளியம்மனுக்கு வாகனமாக ஒரு மரப்புலி வேண்டுமாம். என் வீட்டுக்காரர் தர்மேந்திரன், புக்கிட் பெலண்டோக் காட்டோரம் குடியிருக்கும் பூர்வகுடிச் சிற்பி பூஜாங்கிடம் செய்யச் சொன்னார். வரியும் நகமும் அப்படியே காட்டுப்புலி. கண் இருக்கவேண்டிய இடம் மட்டும் வழவழவென்று இருந்தது.

"இது ஜோடியை இழந்த புலி. கண் வைத்தால் தேடிக்கொண்டு போய்விடும்" என்று பூஜாங் மலாய் மொழியில் எச்சரித்தார்.

என் வீட்டுக்காரர் மண்டையில் எங்கே ஏறும்? "கண்ணு தொறக்காம எப்படிக் கோயில்ல வைக்கிறது? நம்ம சாமி பத்தி அவனுக்கு என்னா தெரியும் லா?"

வெள்ளிக்கிழமை காலை இவரே உளி பிடித்துக் கண் செதுக்கினார். முதல் பார்வை மனிதர்மேல் விழக்கூடாது என்பது நம் வழக்கம். அதற்காக எங்கள் படுக்கையறைக் கண்ணாடியைக் கழற்றிவந்து புலியின் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். பூசை முடிந்ததும் கண்ணாடி பழைய ஆணிக்கே திரும்பியது.

விஷயம் கேள்விப்பட்டு பூஜாங் ஓடிவந்தார். "கண்ணாடியையா காட்டினீர்கள்? அதில் அது இன்னொரு புலியை அல்லவா பார்த்திருக்கும்!"

இவர் சிரித்தார்.

மறுநாள் காலை நான் விளக்கேற்றப் போனபோது புலி நின்ற பீடம் காலியாக இருந்தது. செம்பனை மர வரிசைகளுக்கு நடுவே, மழையில் ஊறிய மண்ணில் பெரிய பெரிய காலடிகள். அவற்றின் பின்னாலேயே ஓடினேன். எங்கள் படுக்கையறைச் சன்னலுக்கு அடியில் அவை முடிந்தன. திரும்பிப்போன தடம் இல்லை.

சன்னல் திறந்து கிடந்தது. உள்ளே புலியைக் காணோம். இவர் மட்டும் அந்தக் கண்ணாடிமுன் நின்று, பாட்டு முணுமுணுத்தபடி சவரம் செய்துகொண்டிருந்தார்.