இடது பக்கக் கதவு

"தேய்க்கச் சொன்னேன்க்கா. நீ என்னமோ பச்சப்பிள்ளைக்குப் பவுடர் போடுற மாதிரி தடவுற."

அய்யப்பன் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் மாவுக்கட்டு. பாலிஷ் மெஷின் வாங்கி வந்த மறுநாளே பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். திருத்தங்கல் ரோட்டில் இருந்த அவனுடைய வாட்டர் சர்வீஸில் அதுவரை வண்டி கழுவுவதுதான் வேலை. கார் பெயிண்டுக்கு மெஷின் வைப்பது இதுதான் முதல் தடவை. கையில்லாத தம்பிக்கு அக்கா பாண்டிமீனாவின் கைதான் கிடைத்தது.

அவள் இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்திருந்தாள். ஒயரைத் தோளின் மேல் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தான். போட்டிருந்தாள். வெள்ளைக் காரின் பானட்டில் வைத்த பாலிஷ் பொட்டுகள் மேல் பஞ்சுத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அது பெயிண்டில் படிந்து சூடேற ஆரம்பித்ததும் அவள் கை தன்னால் மேலே போனது. தூக்கிய தட்டிலிருந்து பாலிஷ் தெறித்து அவள் கழுத்திலும் சேலையிலும் அப்பியது.

"சுத்தும்போது தூக்காதன்னு எத்தனை தடவ சொல்றது? நல்லா அழுத்து."

"அழுத்தினா சூடாகுதுலே."

"சூடானாத்தான் கோடு போகும். சூடானா என்ன, வெடிக்கவா போகுது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாண்டிமீனா மெஷினை நிறுத்தி, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து போன தை மாதம் வரை அவள் அச்சங்குளம் பக்கத்தில் ஒரு ஃபேன்சி வெடிக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தவள். அந்த அறையில் எதையும் உரசக் கூடாது. பெட்டியை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். வளையல், மெட்டி, நைலான் சேலை எதுவும் ஆகாது. உட்கார்ந்த இடத்தில் நகர வேண்டுமென்றால்கூட எழுந்து நகர்ந்துதான் உட்கார வேண்டும். அவள் கை அப்படியே பழகிவிட்டது. வீட்டில் தோசைக்கல்லைக்கூட அழுத்தித் தேய்க்க மாட்டாள்.

அந்த அறைதான் தையில் வெடித்தது. உள்ளே இருந்த அவள் கூட்டாளி கருப்பம்மாள் செத்துப்போனாள். தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்த பாண்டிமீனா பிழைத்தாள். பிழைத்ததே குற்றமாகிவிட்டது. போர்மேன் மாரீஸ்வரன் ஸ்டேஷனில் சொன்னது இதுதான்: பாண்டிமீனா பெட்டியைத் தரையில் இழுத்தாள், மருந்து சிந்தியது, அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

இழுத்தவன் அவன். ஆர்டர் அவசரம் என்று காரை அறை வாசலுக்கே ஓட்டி வந்து, மணிமணியாகப் பிடித்துக் காயவைத்த வெடிமருந்துப் பெட்டிகளைத் தானே இழுத்து டிக்கியில் ஏற்றினான். வண்டி எதுவும் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்பது சட்டம். "தூக்குங்க அண்ணாச்சி, இழுக்காதீக" என்று பாண்டிமீனா சொன்னாள். "உன் சோலியப் பாரு" என்றான். வாசற்படியில் சிந்தியதைக் கூட்டி அள்ளும்படி கருப்பம்மாளிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். குழாயடியில் நின்ற பாண்டிமீனா கார் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வெடித்தது.

அன்று முழுக்கத் தன் கார் கேட்டுக்கு வெளியேதான் நின்றது என்று மாரீஸ்வரன் சாதித்தான். வாட்ச்மேனும் அதையே சொன்னார். போர்மேன் பேச்சும் வாட்ச்மேன் பேச்சும் ஒரு பக்கம், இவள் பேச்சு ஒரு பக்கம். கருப்பம்மாளின் புருஷன் சோலைமலை தெருவில் இவளைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தார்.

பாண்டிமீனா மறுபடி மெஷினைப் போட்டாள். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். தோள் வரை அதிர்ந்தது. வலமும் இடமும், பிறகு மேலும் கீழும், அய்யப்பன் கையசைத்த வேகத்தில் நகர்த்தினாள். துணியால் துடைத்தபோது பானட்டில் கழுவிக் கழுவி உலர்ந்ததில் விழுந்திருந்த சிலந்திவலைக் கோடுகள் காணாமல் போயிருந்தன. மேலே தகரக் கூரையும் டியூப்லைட்டும் பெயிண்டுக்குள் தெளிவாகத் தெரிந்தன. பரவாயில்லையே என்று தோன்றியது. இரண்டு மாதத்தில் அவள் கை வைத்த ஒரு காரியம் நன்றாக வந்தது இதுதான்.

வலது பக்கம் முடிந்து இடது பக்கம் வந்தபோது அய்யப்பன் எழுந்து வந்தான்.

"இங்கன கொஞ்சம் கரகரன்னு இருக்கும். அது ஒண்ணுமில்ல. நீ பாட்டுக்கு அழுத்தித் தேய்ச்சிக்கிட்டே போ."

காலையில் அவனேதான் சொல்லிக் கொடுத்திருந்தான்: கையில் ஒரு கேரிபேக்கை மாட்டிக்கொண்டு தடவினால் பெயிண்டில் சொரசொரப்பு எங்கே என்று தெரியும். அவள் மாட்டிக்கொண்டு முன்கதவைத் தடவினாள். பை இழுத்துப் பிடித்தது. உப்புத்தாளில் தடவியது போல இருந்தது. குனிந்து பார்த்தாள். கடுகளவு கறுப்புப் புள்ளிகள், சுற்றிலும் பழுப்பு வளையம். சிலவற்றின் நடுவில் உருகி இறுகிய வெள்ளி நிற மருந்து மணி பெயிண்டுக்குள் புதைந்திருந்தது. முன்கதவில் தொடங்கிப் பின்சக்கரம் வரை போகப்போக நெருக்கம். பின்கதவுக் கண்ணாடி புதுசு. மூலையில் கம்பெனி ஸ்டிக்கர்கூடக் கிழிக்கப்படவில்லை.

வெடித்த அன்று குழாயடி பிளாஸ்டிக் தொட்டியில் விழுந்த புள்ளியும் இதுதான். அவள் ஜாக்கெட்டின் முதுகில் விழுந்த ஓட்டைகளும் இதே அளவுதான்.

லைட்டிலும் ரப்பரிலும் பாலிஷ் படாமலிருக்க அய்யப்பன் காகிதம் ஒட்டியிருந்தான். நம்பர் பிளேட்டிலும் ஒட்டியிருந்தான். அவள் முன்னால் போய் அதைக் கிழித்தாள்.

"இது யாரு வண்டிலே?"

"யக்கா, சொல்றதக் கேளு…"

"யாரு வண்டின்னு கேட்டேன்."

"அதான் பாத்துட்டியே."

அவள் கேரிபேக்கைக் கழற்றி அவன் முகத்தில் எறிந்தாள். அது முகம் வரை போகாமல் காற்றில் ஆடிக் கீழே விழுந்தது. அதுவும் அவள் கோபத்தைக் கூட்டியது.

"அவராத்தான் வந்தாரு" என்றான் அய்யப்பன். "சிவகாசில பெரிய கடைக்குப் போனா, பாலிஷுக்கு முன்னாடி பின்னாடின்னு வீடியோ எடுத்துப் போட்டு விடுவானுக, நீ செஞ்சு குடுன்னாரு. வெடிச்சத விசாரிக்கிற ஆபீசர் வியாழக்கிழமை வண்டியப் பாக்கணும்னு சொல்லியிருக்காராம். இத்தன நாளு மாமனார் ஊர்ல நிப்பாட்டியிருந்தாரு போல. புள்ளி போச்சுன்னா கேசு அதோட முடிஞ்சிரும், உங்க அக்கா பேரையும் நானே எடுத்து விடுறேன்னாரு."

"எடுத்து விடுறானா? போட்டது யாருலே?"

"ஊர்ல ஒருத்தர் உன்கூடப் பேசுறாகளா? நல்லது கெட்டதுக்கு உன்னைய அழைக்காகளா? எப்படியாவது முடியட்டும்னுதான்க்கா. உனக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்."

"எனக்காக! என் பக்கம் பேச இந்த உலகத்துல இருந்தது இந்தக் கதவு ஒண்ணுதான். அத என் கையாலயே தேய்க்க விட்டியே, நீ ஒரு தம்பி!"

அவன் தலை குனிந்து நின்றான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. மாவுக்கட்டு இல்லாத கையையும் உடைத்துவிடலாம் போலிருந்தது.

"சோலைமலை அண்ணனுக்குப் போன் போடு. உன் போன்ல போடு. என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டாக."

சோலைமலை திருத்தங்கலிலேயே ஓர் அச்சாபீஸில் மெஷின் ஓட்டுகிறவர். சிவப்பு மை படிந்த கையோடு சைக்கிளில் வந்து இறங்கினார். பாண்டிமீனாவைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பப் போனார்.

"என்னையப் பாக்க வேண்டாம். இந்தக் கதவப் பாத்துட்டுப் போங்க" என்றாள்.

"எதுக்கு?"

"யாரு வண்டின்னு நம்பரப் பாருங்க. அப்புறம் கையை வச்சுப் பாருங்க."

அவர் நம்பரைப் பார்த்தார். கதவின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகப் பின்னால் கொண்டுபோனார். பின்சக்கரத்துக்கு மேலே கை நின்றுவிட்டது.

"அன்னைக்கு அவ கொண்டுபோன தூக்குவாளிய வீட்டுல வச்சிருக்கேன்" என்றார் கடைசியில். "மூடியில இதே மாதிரிதான் இருக்கு."

"இந்த வண்டி கேட்டுக்கு வெளிய நின்னுச்சாம். கேட்டுக்கும் ரூமுக்கும் நடுவுல சுவரு இருக்கு, வேப்பமரம் இருக்கு. அம்புட்டையும் தாண்டி மருந்து பறந்து போயி இந்த ஒரு பக்கமாப் பாத்து ஒட்டிக்கிச்சா?"

அவர் பதில் சொல்வதற்குள் மாரீஸ்வரன் வந்துவிட்டான். யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவன், வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே இறங்கினான். பைக் போய்விட்டது.

"என்ன, கூட்டம் போட்டு வேடிக்கை பாக்கீக? வேலை முடிஞ்சுதா அய்யப்பா?" என்றவன் சோலைமலையைக் கண்டு ஒரு நொடி தயங்கினான். "அடடே, சோலைமலையா. இங்கன என்ன சோலி?"

"கதவுல என்ன இது?" என்றார் சோலைமலை.

"எது? ஓ, அதுவா? வெயில்ல பெயிண்டு பொங்கிருச்சு. பங்குனி வெயிலு அப்படி."

"வெயிலு இடது பக்கம் மட்டும் அடிச்சுச்சாக்கும்" என்றாள் பாண்டிமீனா.

"நீ வாய மூடு. மரத்தடியில நிப்பாட்டுனது, குருவி எச்சம் பட்டிருக்கும்."

"குருவி கண்ணாடியையும் உடைச்சிட்டுப் புதுசா மாட்டிட்டுப் போச்சோ?"

பக்கத்து டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். மாரீஸ்வரனுக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை.

"ஒரு கதவு தேய்க்கத் துப்பில்ல. இதுக்கு ஒரு கடை, போர்டு! இங்கிட்டு விடு, நானே தேய்க்கிறேன்" என்று மெஷினை எடுத்தான்.

அவனும் அதைப் பிடிப்பது முதல் தடவை. கதவில் வைக்காமல் கையில் தூக்கி வைத்துக்கொண்டே சுவிட்சைப் போட்டான். தட்டில் ஊறியிருந்த பாலிஷெல்லாம் அவன் சட்டையில் தெறித்தது. டீக்கடைக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவன் வெறி பிடித்தவன் போல மெஷினைக் கதவில் வைத்து அழுத்தினான். தட்டு கைப்பிடியில் இடறித் துள்ளியது. திரும்பப் பிடித்து, நகர்த்தத் தெரியாமல், ஒரே இடத்தில் முழு பலத்தோடு ஊன்றினான். கருகல் நாற்றம் கிளம்பியது. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை உரிந்து, அடியிலிருந்த சாம்பல் நிறம் வெளியே வந்தது. அப்போதும் அதைச் சுற்றிப் புள்ளிகள் அப்படியே இருந்தன. அவன் நிறுத்தாமல் மெஷினைக் கதவின் நீளத்துக்கு இழுத்தான். அது கத்தியது.

யாரும் இப்போது சிரிக்கவில்லை. வெயிலில் பொங்கிய பெயிண்டுக்கு எந்த மனிதனும் இப்படி மல்லுக்கட்ட மாட்டான் என்பது நின்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

பாண்டிமீனா சுவரோரம் போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

திடீரென்று விழுந்த அமைதியில் சோலைமலை கேட்டார்: "இப்படித்தான் இழுத்தியா?"

"எத?"

"பெட்டிய."

மாரீஸ்வரன் மெஷினைத் தரையில் போட்டான். பிறகு குரலை உயர்த்தினான். "சாவியக் குடு அய்யப்பா. இந்தக் கூத்துக்கெல்லாம் நான் ஆளில்ல. குடுலே சாவிய!"

அய்யப்பன் இடது கையைப் பையில் விட்டுச் சாவியை எடுத்தான். மாரீஸ்வரன் நீட்டிய கையைத் தாண்டிப் போய் சோலைமலையிடம் கொடுத்தான். சோலைமலை அதை மடியில் செருகிக்கொண்டு, அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆபீசர் வந்து பாக்குற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். எவன் எழுப்புறான்னு பாக்குறேன்."

மாரீஸ்வரன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "முதலாளிகிட்டச் சொன்னா உங்க எல்லாருக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பாலிஷ் தெறித்த சட்டையோடு ரோட்டில் இறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான்.

டீக்கடைக்காரர்கள் இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். சோலைமலை தரையில் இருந்தபடியே நிமிர்ந்து பாண்டிமீனாவைப் பார்த்தார். தைக்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்ப்பது இப்போதுதான்.

"தங்கச்சி, நான் வந்து…"

"பேசாதீக." அவள் ஓரடி முன்னால் வந்தாள். "காரியத்தன்னைக்கு உங்க வாசல்ல வந்து நின்னேன். கதவச் சாத்துனீக. நடந்தத நான் அன்னைக்கே சொன்னேன். என்கூட ஒரே கிண்ணத்துல சோறு தின்னவ அவ. நான் சொல்லிக் கேக்காதது, இந்தப் பெயிண்டு சொல்லித்தான் உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாண்டிமீனா கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டு தம்பியிடம் திரும்பினாள்.

"ஆபீசருக்குப் போனைப் போடு."

"நானாக்கா? என்ன சொல்ல?"

"யாரு வண்டி, யாரு கொண்டாந்தா, எத அழிக்கச் சொன்னான், எனக்குத் தெரியாம நீ எதுக்கு ஒத்துக்கிட்டே. அம்புட்டையும் சொல்லு. ஒண்ணு விடக் கூடாது."

"என்னையும் சேத்துல்ல உள்ள இழுப்பாக."

"இழுக்கட்டும். நான் ரெண்டு மாசமா உள்ளதான் இருக்கேன். போடுலே."