குறிப்பு என்ற கட்டம்

அப்பாவின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்த அம்மாவின் கை மூக்கின் மேல் வந்ததும் நின்றுவிட்டது. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளங்கள். ஒரு பள்ளத்தை அம்மா கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்துப் பார்த்தாள். அது போவதாக இல்லை.

"கண்ணாடி இல்லாம யாரோ மாதிரி இருக்காரு பாப்பா. போய் எடுத்துட்டு வா."

கண்ணை மூடியிருக்கிறவருக்குக் கண்ணாடி எதற்கு என்ற கேள்வி பாப்பாவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது. கண் பரிசோதனை படித்தவள். கீழே இருக்கும் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது அவளைத்தான் கேட்டு வருகிறார்கள். ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான்.

அப்பா காலை ஆறரைக்குப் போயிருந்தார். பல் துலக்கிவிட்டு வந்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தவர், பால்காரன் இன்னும் வரவில்லையா என்று கேட்டார். அம்மா பதில் சொல்லிக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்தபோது கேட்டவர் இல்லை. டாக்டர் வந்து, நல்ல சாவு என்றார். எழுபது வயது, படுக்கவில்லை, யாருக்கும் தொந்தரவு தரவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று பாப்பாவுக்கு ஆத்திரமாகவும் இருந்தது.

ஏனென்றால் பத்து மணிக்கே பிரச்சினை ஆரம்பித்துவிட்டது. நாலு மணிக்கு எடுப்பது என்று முடிவானதும், எடுப்பதற்கு முன் பிரார்த்தனை சொல்ல ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்றாள் அம்மா. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வக்கீல் சித்தப்பா அப்படியே நிமிர்ந்தார்.

அவர் வக்கீல் இல்லை. தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். எதை எடுத்தாலும் வாதாடுவதால் குடும்பத்தில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அப்பாவின் ஒரே தம்பி. சாமி கிடையாது என்பதை அண்ணனிடம்தான் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவரைவிடக் கற்றுக்கொண்டவர்கள் பிடிவாதமாக இருப்பார்கள் அல்லவா, அப்படி இருந்தார். நான் செத்தால் என் தலைமாட்டில் யாரும் எதையும் முணுமுணுக்கக் கூடாது என்று அண்ணன் இதே வீட்டில் இதே கூடத்தில் சொன்னதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார். எப்போது என்று அம்மா கேட்டாள். முப்பது வருஷம் இருக்கும் என்றார். கடந்த ஆறு வருஷமாக வாரம் தவறாமல் என்னோடு பிரார்த்தனைக் கூடத்துக்கு வந்தது யார், நீங்களா என்றாள் அம்மா. சித்தப்பா கழற்றிய செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

இருவரும் ஒரே நேரத்தில் பாப்பாவைப் பார்த்தார்கள். ஒரே பிள்ளை. போதாததற்குப் பன்னிரண்டு வருஷமாக அப்பாவோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள்.

"உனக்குத் தெரியாம இருக்காது. அண்ணன் கடைசியில எதுலதான் இருந்தான்? நீ சொல்றதுதான்" என்றார் சித்தப்பா.

மூன்று மணி வரை பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்த பாப்பா, அம்மா கண்ணாடி கேட்டதும் அதையே சாக்காக வைத்துப் படியிறங்கிவிட்டாள்.

எதில் இருந்தார் என்று தெரிந்துகொள்ள ஆறு வருஷமாகக் காத்திருப்பவள் அவள்தான். பள்ளியில் காலைப் பிரார்த்தனையின்போது முந்நூறு பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொள்ள, பத்து வயதில் தனியாகக் கண்ணைத் திறந்துகொண்டு நின்றவள். டீச்சர் வெயிலில் நிற்க வைத்தார். தோழிகள் ஒரு மாதம் பேசவில்லை. அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இல்லாததுக்கு எதற்குக் கண்ணை மூட வேண்டும், எங்கள் அப்பாவே சொல்லியிருக்கிறார் என்று பெருமையாகத்தான் இருந்தது. அப்பா உலகத்தையே பார்க்க வைக்கிறவர். அவருக்குத் தெரியாததா?

அப்புறம் ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. எட்டு மணி நேரம். பிழைத்து வீட்டுக்கு வந்த வாரத்திலிருந்து அப்பா அம்மாவோடு பிரார்த்தனைக்குக் கிளம்பினார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்காருவாராம். பயந்துவிட்டீர்களா என்று பாப்பா ஒரே ஒரு முறை கேட்டாள். உங்கம்மாவுக்குத் துணைக்குப் போகிறேன் என்றார். அவள் நம்பவில்லை. தன்னை வெயிலில் நிற்க வைத்துவிட்டு அவர் மட்டும் நிழலுக்குப் போய்விட்டார் என்று நினைத்தாள். அதன்பின் அந்தப் பேச்சே இல்லை. ஃபிரேம், லென்ஸ், பவர், டெலிவரி தேதி. ஒரு மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து இத்தனை வருஷம் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடையின் பாதி ஷட்டரை மட்டும் தூக்கிவிட்டு உள்ளே போனாள். எழுத்துப் பலகை, சோதனை லென்ஸ்கள் இருக்கும் மரப்பெட்டி, அப்பாவின் சுழல் நாற்காலி, எல்லாம் நேற்றுச் சாயங்காலம் விட்டது போலவே இருந்தன. மேஜை மேல் பழுப்பு ஃபிரேம் கண்ணாடி கிடந்தது. எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். கிளம்பியிருக்கலாம். மேலே போய் பதில் சொல்ல வேண்டும் என்பதால் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த கை சும்மா இருக்குமா? அட்டைப் பெட்டியை இழுத்தது. கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அப்பா ஓர் அட்டை வைத்திருந்தார். தேதி, வலக்கண், இடக்கண், கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் 'லாரி ஓட்டுகிறார்', 'தையல் வேலை', 'தலைவலி என்கிறார், தூக்கம் போதவில்லை' என்றெல்லாம் எழுதுவார். பழைய சீட்டைக் கொண்டுவந்து இதே பவரில் ஒன்று போட்டுக் கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் அப்பாவிடம் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். உட்கார வைத்து, புதிதாகச் சோதிக்காமல் விடமாட்டார். கண் மாறிக்கொண்டேதான் இருக்கும், அது உங்கள் தப்பில்லை என்பார்.

அவருக்கும் ஓர் அட்டை உண்டு. கடை திறந்த தேதியில் வருஷா வருஷம் தன் கண்ணையும் சோதித்து எழுதிவிடுவார். பாப்பா அதைப் பார்த்திருக்கிறாள், ஆனால் பழைய அட்டைகளைப் புரட்டியதில்லை. நிரம்பிய அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பின் அடித்திருந்தார். மேலே இருந்தது போன வருஷம் தொடங்கிய புது அட்டை.

இன்று புரட்டினாள். முதல் அட்டை, முதல் வரி, நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய தேதி. இரண்டு கண்ணுக்கும் பவர் இல்லை. குறிப்புக் கட்டத்தில் பொடி எழுத்தில், 'கடவுள்: உண்டு.'

அடுத்த வருஷம் வெறுமனே 'உண்டு'. அதற்கடுத்த வருஷமும் 'உண்டு'. நாலாவது வரியில் 'இல்லை'.

அது எந்த வருஷம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு முன் பிறந்த பையன் பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போன வருஷம். அந்த ஒரு சாவுதான் அம்மாவைச் சாமியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது, அப்பாவைச் சாமியிடமிருந்து கூட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

அவள் பிறந்த வருஷத்தில் 'உண்டு' என்று எழுதி அதை அடித்து 'இல்லை' என்று எழுதியிருந்தது. பிறகு வரிசையாக இல்லை, இல்லை, இல்லை. பவர் கால் கால் புள்ளியாக ஏறிக்கொண்டே வர, பக்கத்தில் இந்த ஒரே வார்த்தை. பாப்பா விரலை வைத்து எண்ணிக்கொண்டு தன் பத்தாவது வயதுக்கு வந்தாள். அவள் கண்ணைத் திறந்துகொண்டு வெயிலில் நின்ற வருஷம்.

'தெரியவில்லை.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. அங்கே ஒருத்தி அவருக்காக முந்நூறு பேரை எதிர்த்து நின்றுகொண்டிருக்க, அவர் பாட்டுக்கு இங்கே உட்கார்ந்து தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

அறுவை சிகிச்சை நடந்த வருஷத்தைத் தேடினாள். அங்கே என்ன இருக்கும் என்று தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும். ஆனால் அங்கே 'இல்லை' என்று இருந்தது. பேனா அழுந்தி அட்டையின் மறுபக்கம் வரை புடைத்திருந்தது. அப்படியானால் துணைக்குத்தான் போயிருக்கிறார். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அவள்தான் நம்பவில்லை. அடுத்த வருஷமும் 'இல்லை'. அதற்கடுத்து, யாருக்கும் ஒன்றும் ஆகாத, எதுவும் நினைவில் நிற்காத ஒரு சாதாரண வருஷத்தில் 'உண்டு'. மறுவருஷம் 'இல்லை'. அதற்கு மறுவருஷம் 'தெரியவில்லை'.

மிச்சம் இரண்டு வரிகள். இரண்டும் அவள் கையெழுத்து. கை நடுக்கம் வந்தபின் அவருக்குச் சோதனை செய்தது அவள்தான். தேதி, வலக்கண், இடக்கண், எல்லாம் திருத்தமாக இருந்தன. குறிப்புக் கட்டம் இரண்டிலும் காலி.

போன மாதம்தான் அந்தக் கடைசிச் சோதனை. முடித்து, சோதனை ஃபிரேமைக் கழற்றியபின்னும் அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா பாப்பா? வேற ஒண்ணும் கேக்கலையா?"

"அவ்வளவுதான்ப்பா. எந்திரிங்க, வெளிய ஆள் காத்திருக்காங்க."

அவர் எழுந்து போனார். அவள் அட்டையைப் பெட்டியில் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. பாப்பா மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை, பாதி ஷட்டருக்கு வெளியே நடந்து போகிறவர்களின் கால்கள் தெரிய, சத்தம் போடாமல் வந்து தீர்ந்தது.

அவள் மேலே போனபோது மூன்றரை மணி. கூடம் நிறைந்திருந்தது. கண்ணாடியை அம்மா வாங்கி அப்பாவுக்கு மாட்டிவிட்டு, இப்போதுதான் அவர் மாதிரி இருக்கிறார் என்றாள். சித்தப்பா காத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, யோசிச்சியா? முப்பது வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட தெளிவா சொன்னான்..."

"பழைய சீட்டை வச்சு கண்ணாடி போடக் கூடாதுன்னு அப்பா சொல்வாரு சித்தப்பா." பிறகு அம்மாவைப் பார்த்தாள். "கடைசியா என்ன பவருன்னு நான் பாக்காம விட்டுட்டேம்மா. எனக்குத் தெரியல."

அம்மாவுக்கு அது பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தாள், வீங்கிய கண்ணைப் பார்த்தாள், மேற்கொண்டு கேட்கவில்லை. பிரார்த்தனை முதலில் நடக்கட்டும், அப்புறம் சித்தப்பா அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை பேசட்டும் என்று பாப்பா சொன்னாள். பேசக் கிடைத்தால் சித்தப்பா விடுவாரா? கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றார்.

பிரார்த்தனை தொடங்கியது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். சித்தப்பா கண்ணை மூடினாரா, மூடாமல் இருந்தாரா என்று சொல்ல முடியாதபடி தலையைக் கூரைப் பக்கம் தூக்கி வைத்திருந்தார். பாப்பா பத்து வயதில் நின்றது போலவே கண்ணைத் திறந்துகொண்டு நின்றாள். அப்படி நின்றதால்தான் பார்த்தாள்.

அப்பாவின் மூடிய இமைகள் பெரிதாகத் தெரிந்தன. லென்ஸுக்குப் பின்னால் இமையின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, இருக்க வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரிந்தன. கூடத்தில் வேறு யாருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. அது படிக்கிற கண்ணாடி. ஒரே கண்ணாடியில் இரண்டு பார்வையை வைத்தால் மனிதன் படியில் உருண்டுவிடுவான் என்று அப்பா கடைசிவரை இரண்டு கண்ணாடிதான் வைத்திருந்தார், இரண்டும் ஒரே பழுப்பு ஃபிரேம். மேஜையில் கிடந்ததை அவள் பார்க்காமல் எடுத்து வந்துவிட்டாள். இருபதாயிரம் கண்ணாடி மாட்டிவிட்ட மனிதருக்கு, சொந்த மகள் கண்ணாடியை மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

பிரார்த்தனை முடிந்தது. சித்தப்பா நாலு வார்த்தை என்று தொடங்கி நாற்பதுக்குப் போய், அண்ணன் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து என்ற இடத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தூக்குகிறவர்கள் நாலு பேர் குனிந்தார்கள்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் பாப்பா.

இரண்டிரண்டு படியாக இறங்கினாள். இன்னொரு கண்ணாடி, கடை மூடும்போது அவர் கழற்றி வைக்கிற மேஜை இழுப்பறையில், கூட்டில் இருந்தது. மூச்சு வாங்க மேலே வந்து, கட்டிலருகில் மண்டியிட்டு, அப்பாவின் கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றினாள்.

"இப்ப எதுக்கும்மா இது?" என்று சித்தப்பா தணிந்த குரலில் கேட்டார்.

"அது கிட்டத்துக்கு சித்தப்பா. இது தூரத்துக்கு."

பாப்பா மற்ற கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓரத்தில் இருந்த ஒரு விரல் தடத்தையும் துடைத்தாள். மாட்டிவிட்டு, மூக்குத்தண்டு அந்தப் பள்ளங்களில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, எடுக்கலாம் என்றாள்.