ஆளுக்கு முப்பத்திரண்டரை

எங்கள் தெருவில் ஒரே மாலையில் இரண்டு கல்யாண விருந்து. என் வீட்டுக்கு வலப்பக்கம் கிருபைராஜ் அண்ணாச்சியின் மகள் ஃபெபிக்கு. இடப்பக்கம் அசன் மைதீன் பாயின் மகன் ரசீதுக்கு.

காலையில் ஏட்டு வந்து சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மைக் செட்டும் சேர்ந்து அறுபத்தைந்து டெசிபல். தாண்டினால் செட்டு ஸ்டேஷனுக்குப் போகும்.

இருவரும் சண்டையில்லாமல் பங்கு வைத்தார்கள். ஆளுக்கு முப்பத்திரண்டரை.

நான் சேரன்மகாதேவியில் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். ஆய்வகத்து டெசிபல் மீட்டரை வாங்கிவந்து வாசலில் வைத்தேன். முப்பத்திரண்டரை என்பது காதோடு ரகசியம் சொல்லும் சத்தம். மகளுக்காக அண்ணாச்சி மூன்று மாதம் ஒரு பாட்டுப் பழகியிருந்தார். அந்த அளவில் மைக்கில் பாடிப் பார்த்தார்.

"மகள வாழ்த்துத மாதிரியா இருக்கு? களவாணி கூட்டாளியக் கூப்புடுத மாதிரில்லா இருக்கு," என்றார் பாய்.

அண்ணாச்சி மைக்கைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப பாட்டே வேண்டாம் வே."

"ஆளுக்கு அறுபத்திரண்டு வச்சுக்கிடலாம்," என்றேன். "ரெண்டும் சேந்தா அறுபத்தஞ்சுதான் வரும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜோஷுவா, பைய உக்காருடே," என்றார் அண்ணாச்சி.

"தம்பி, சாப்ட்டியா?" என்றார் பாய்.

சாலோமி இறந்து பதினோரு மாதம் ஆகிறது. என் மனைவி. அதிலிருந்து நான் எதைச் சொன்னாலும் சாப்பிட்டாயா என்பதுதான் பதில்.

ஒவ்வொரு செட்டையும் தனியாக அறுபத்திரண்டில் நிறுத்தினேன். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டேன். மீட்டர் அறுபத்தைந்து காட்டியது. டெசிபலைச் சாதாரண எண்ணைப்போலக் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது.

பாய் குனிந்து பார்த்தார். "மெஷினுக்கும் மனசு சரியில்ல போலுக்கு."

ஆனாலும் கிடைத்த அறுபத்திரண்டை இருவரும் விடவில்லை.

மாலையில் அண்ணாச்சி பாடினார். முதல் வரியிலேயே முன்னால் மைக் இருப்பதை மறந்து தொண்டையைத் திறந்துவிட்டார். பாய் தன் செட்டை நிறுத்திவிட்டு விருந்தாளிகளோடு வந்து நின்று கேட்டார். கைதட்டல் வேறு. ஏட்டு வந்து மீட்டரைப் பார்த்தார். எழுபத்தொன்று. மைக் செட்டை நோக்கி நடந்தார். பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது. ஃபெபி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டய்யா," என்றேன். "ஆள் வாரதுக்கு முன்னாலயே வெறுந்தெரு அம்பத்திரண்டு காட்டிச்சு. அதக் கழிச்சிருங்க."

ஏட்டு நின்றார். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் கழித்தார்.

"பத்தொம்பதுதானா? பொறவு எதுக்கு சார் இம்புட்டு பைய பாடுதாவ?"

என் மாணவன் அப்படிக் கழித்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

கடைசிச் சரணத்தை அண்ணாச்சி இரண்டு முறை பாடினார்.